ஊசியோ பஞ்சோ, கண்ணில் வைத்த மருந்தை அட்டையில் எழுதிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கண் பிரஷர் என்று நம் பக்கம் சொல்லும் க்ளாக்கோமாவுக்கு ஆபரேஷன் செய்யும்போது, தழும்பு கட்டாமல் இருக்க வைக்கும் மைட்டோமைசின் என்ற மருந்தை ஊசியாகப் போடுவது நல்லதா, பஞ்சில் நனைத்து வைப்பது நல்லதா என்று கொஞ்ச நாளாக ஆளாளுக்குக் கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. பஞ்சு வைப்பது பழைய முறையாம், ஊசி போடும் ஆஸ்பத்திரியாகப் பார்த்துப் போக வேண்டுமாம். எழுதியவர் யார் என்று அதில் இல்லை. அதைப் படித்துவிட்டு, ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருந்த ஓர் அம்மா போகாமலே இருந்துவிட்டார் என்று கேள்விப்பட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். கண் ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டரில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இரண்டு முறைக்கும் அந்த மருந்தைக் கலந்து கொடுத்திருக்கிறேன். எந்த முறையில் வைத்தாலும், வைத்ததை நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் அட்டையில் எழுதித் தர வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

முதலில் நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் சுரந்துகொண்டே இருக்கும், நிமிடத்துக்கு இரண்டு மைக்ரோலிட்டர் கணக்கில். அது கருவிழியின் ஓரத்தில் இருக்கிற வலைத் திசு வழியாக வடிந்து ரத்தத்தில் கலக்கும். வடிவது குறைந்தால் உள்ளே அழுத்தம் ஏறும். 10 முதல் 21 மில்லிமீட்டர் (பாதரச அளவு) வரை இருந்தால் சாதாரணம் என்று சொல்வார்கள், ஆனால் அதற்குள் இருந்தும் நரம்பு கெடுகிறவர்கள் உண்டு. பார்வை நரம்பு ஓரத்திலிருந்து மெல்ல மெல்லச் சாகும், பெரும்பாலும் வலி இருக்காது, நேரே பார்க்கும் பார்வை கடைசி வரை நன்றாகவே இருக்கும், அதனால் ஆளுக்கே தெரியாது. சென்னையிலும் சுற்றுக் கிராமங்களிலும் நடந்த சென்னை க்ளாக்கோமா ஆய்வில், நோய் இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தங்களுக்கு அது இருப்பதே அதுவரை தெரியவில்லை. போன பார்வை எந்த ஆபரேஷனாலும் திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து, லேசர், ஆபரேஷன் எல்லாமே. ஆபரேஷன் பண்ணியும் பார்வை தெளியவில்லையே என்று டாக்டரிடம் சண்டைக்குப் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, இதை யாரும் முன்னாடியே உட்கார வைத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆபரேஷன் என்று நான் இங்கே சொல்வது டிராபெகுலெக்டமியை. கேம்பிரிட்ஜில் கெய்ர்ன்ஸ் என்ற கண் மருத்துவர் 1968-ல் எழுதிய முறை, இன்று வரை உலகம் முழுவதும் செய்கிறார்கள். கண் வெள்ளையின் மேலிருக்கும் மெல்லிய தோலைத் திறந்து, அதற்கடியில் கெட்டியான வெள்ளைப் பகுதியில் ஒரு சின்ன மூடி வெட்டி, மூடிக்குக் கீழே ஒரு துளை போடுவார்கள். உள்ளே தேங்கும் நீர் அந்தத் துளை வழியாகக் கசிந்து, மேல்தோலுக்கு அடியில் ஒரு கொப்புளமாக நின்று, மெதுவாக உறிஞ்சப்படும். மேல் இமையைத் தூக்கிப் பார்த்தால் அந்தக் கொப்புளம் தெரியும், தியேட்டரில் அதை பிளெப் என்போம்.

பிரச்சினை என்னவென்றால், காயம் பட்டால் ஆற வேண்டும் என்பதுதான் உடம்பின் வேலை. மற்ற ஆபரேஷன் எல்லாம் நன்றாக ஆறினால் வெற்றி, இது நன்றாக ஆறினால் தோல்வி. தழும்பு கட்டி அந்தத் துளையை அடைத்துவிட்டால் அழுத்தம் பழையபடி ஏறிவிடும். இளவயதுக்காரர்களுக்கும், ஏற்கெனவே ஒரு முறை செய்து அடைத்துப் போனவர்களுக்கும், வருஷக்கணக்காகச் சொட்டு மருந்து விட்டு விட்டுக் கண் தோல் சிவந்து தடித்துப் போனவர்களுக்கும் தழும்பு சீக்கிரம் கட்டும். நம் ஊரில் ஆபரேஷனுக்கு வருகிறவர்களில் கணிசமான பேர் இதில் ஏதாவது ஒரு வகையில் வந்துவிடுவார்கள்.

அதைத் தடுக்கத்தான் மருந்து. முதலில் ஃபைவ் எஃப்யூ என்ற புற்றுநோய் மருந்து வந்தது. அமெரிக்காவில் எண்பதுகளில் நடந்த பெரிய ஆய்வில், ஆபரேஷனுக்குப் பிறகு முதல் வாரம் ஒரு நாளைக்கு இரண்டு ஊசி, அடுத்த வாரம் ஒரு நாளைக்கு ஒன்று, ஆக 21 ஊசி கண்ணில் போட்டார்கள். பலன் இருந்தது, ஆனால் கருவிழியின் மேல்தோல் உரிந்து நோயாளிகள் ரொம்பச் சிரமப்பட்டார்கள். அப்புறம்தான் மைட்டோமைசின். ஜப்பானில் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஐம்பதுகளில் எடுத்தது, வயிறு, சிறுநீர்ப்பைப் புற்றுநோய்களுக்குக் கொடுக்கிற மருந்து. அதைக் கண்ணில் முதலில் வைத்துப் பார்த்தது தைவானில், எண்பதுகளின் தொடக்கத்தில். ஆபரேஷனின்போதே ஒரே ஒரு முறை, சில நிமிடங்கள் வைத்தால் போதும், அங்கே தழும்பு கட்டுகிற செல்கள் பெருகுவது நின்றுவிடும். 1991-ல் ஜப்பானில் ஃபைவ் எஃப்யூவோடு ஒப்பிட்டபோது மைட்டோமைசின் வைத்தவர்களுக்கு அழுத்தம் இன்னும் நன்றாகக் குறைந்தது. அதிலிருந்து இதுவே நிலைத்துவிட்டது.

இப்போது பஞ்சு. பஞ்சு என்றதும் மெடிக்கல் ஷாப்பில் விற்கும் பருத்திப் பஞ்சை நினைத்துவிடாதீர்கள். நீரில் உப்பும் ஒரு வகை ஸ்பாஞ்ச், அதை அரிசி மணியை விடக் கொஞ்சம் பெரிதாக வெட்டிக்கொள்வோம். மருந்து ஊதா நிறத்தில் இருக்கும், நனைத்ததும் ஸ்பாஞ்ச் அப்படியே நீலம் பாய்ந்துவிடும். டாக்டர் மேல்தோலைத் தூக்கிப் பிடிக்க, ஒவ்வொன்றாக உள்ளே வைப்பார், நான் சத்தமாக எண்ணுவேன். தோலின் வெட்டு விளிம்பில் மருந்து படக் கூடாது, பட்டால் அந்த இடம் ஆறாமல் பின்னால் கசியும், அதனால் விளிம்பைத் தனியாக ஒரு கவ்வியால் உயர்த்திப் பிடித்திருப்பார்கள். கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்வது இன்னொரு சிஸ்டரின் வேலை. நேரம் முடிந்ததும் வைத்த எண்ணிக்கைக்குச் சரியாக எடுத்தோமா என்று எண்ணுவோம், ஏனென்றால் ஒரு துண்டு உள்ளேயே தங்கிப் போய்ப் பின்னால் கண் வீங்கி வந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களிலேயே பதிவாகியிருக்கின்றன. அப்புறம் உப்பு நீரால் நன்றாக அலசி எடுத்த பிறகுதான் கண்ணுக்குள் துளை போடுவார்கள். இந்த மருந்து ஒரு சொட்டு கண்ணுக்குள் போனாலும் பெரிய கேடு. பயன்படுத்திய ஸ்பாஞ்சும் மீதி மருந்தும் மஞ்சள் பைக்குத் தனி அடையாளத்தோடு போகும். கர்ப்பமாக இருக்கும் சிஸ்டர்களை இந்த மருந்துப் பக்கமே விட மாட்டோம்.

பஞ்சில் உள்ள குறை, எவ்வளவு மருந்து உண்மையில் திசுவுக்குள் போனது என்று யாராலும் சொல்ல முடியாது. வெட்டிய துண்டு பெரிதா சின்னதா, எத்தனை துண்டு, சொட்டச் சொட்ட நனைத்ததா பிழிந்ததா, இரண்டு நிமிடமா மூன்று நிமிடமா, எல்லாவற்றிலும் அளவு மாறும். மருந்தின் செறிவே ஊருக்கு ஊர் வேறு. கண்ணில் வடிகால் குழாய் வைப்பதையும் டிராபெகுலெக்டமியையும் ஒப்பிட்டு அமெரிக்காவில் நடந்த ஒரு புகழ்பெற்ற ஆய்வில் மில்லிக்கு 0.4 மில்லிகிராம் செறிவில் நான்கு நிமிடம் வைத்தார்கள். 0.2-ல் இரண்டு நிமிடம் வைக்கிற டாக்டர்களும் இருக்கிறார்கள். பெயருக்கு ஒரே மருந்துதான், கண்ணுக்குப் போய்ச் சேர்வது வேறு வேறு அளவு. இன்னொன்று, சின்ன இடத்தில் மட்டும் பஞ்சை வைத்தால், அந்த இடம் மட்டும் ரத்த நாளமே இல்லாமல் வெளுத்து மெலிந்து போகும், அதைச் சுற்றி மருந்து படாத இடத்தில் தழும்பு கெட்டியாகக் கட்டி நீரைப் பரவ விடாது. டாக்டர்கள் அதை எஃகு வளையம் என்பார்கள். லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் ஆஸ்பத்திரியில் பெங் கா என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் இதைக் கவனித்துத்தான், பஞ்சை அகலமான இடத்தில், இன்னும் பின்னால் தள்ளிப் பரப்பி வைக்கச் சொன்னார்கள். அதே பஞ்சு, அதே மருந்து, வைக்கிற விதத்தை மாற்றியதிலேயே பிளெப்பின் தரம் மாறியது.

ஊசி முறையில் இந்த வெட்டும் வேலை, எண்ணும் வேலை எதுவும் கிடையாது. மிக மெல்லிய ஊசியில், வழக்கமாக 0.1 மில்லி அளவு, கருவிழியை விட்டு நன்றாகப் பின்னால் தள்ளித் தோலுக்கு அடியில் போட்டு, போட்ட இடத்தை மெதுவாக அழுத்திக் கருவிழிக்கு எதிர்ப்பக்கமாகப் பரப்பிவிடுவார்கள். மில்லிக்கு 0.1 மில்லிகிராம் செறிவு என்றால் உள்ளே போவது 10 மைக்ரோகிராம், இது கணக்காகத் தெரியும். சில நிமிடம் மிச்சம், துண்டு தங்கிவிடுமோ என்ற பயம் இல்லை, மருந்து அகலமாகப் பரவுகிறது. இது பிரபலமானதற்கு இன்னொரு காரணமும் உண்டு. செயற்கைக் குழாய்களில் ஜென் என்று ஒன்று, அமெரிக்காவில் 2016-ல் அனுமதி பெற்றது, அதைக் கண்ணின் உள்பக்கமிருந்தே பொருத்துவார்கள், மேல்தோலைத் திறப்பதே இல்லை. திறக்காத தோலுக்கு அடியில் பஞ்சை எப்படி வைப்பது? ஊசிதான் வழி. அந்தப் பழக்கம் டிராபெகுலெக்டமியிலும் பரவியது.

ஊசியில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. பஞ்சை எடுத்துவிட்டு அலசலாம், திசுவுக்குள் ஊசியால் போன மருந்தை முழுக்கத் திரும்ப எடுக்க முடியாது. ஊசி முனை ஒரு ரத்த நாளத்தில் பட்டுவிட்டால் ஆபரேஷன் தொடங்கும் முன்பே அந்த இடம் ரத்தம் கட்டிக்கொள்ளும், ரத்தம் தேங்கினால் தழும்பும் கூடும். போட்ட மருந்து முன்பக்கமாக ஓடிக் கருவிழி ஓரத்துக்கு வரலாம். எனக்கு எப்போதும் பெரிய கவலை, கலக்குவதில் வரும் பிசகு. மருந்து 2 மில்லிகிராம் குப்பியில் தூளாக வரும். 5 மில்லி நீர் விட்டால் 0.4, 10 மில்லி விட்டால் 0.2, 20 மில்லி விட்டால் 0.1. அவசரத்தில், ஒரே நாளில் இரண்டு டாக்டர்களுக்கு இரண்டு செறிவு கலக்கும்போது, பஞ்சுக்கென்று கலந்தது ஊசிக்குப் போய்விட்டால் கேட்டதைப் போல நான்கு மடங்கு உள்ளே இறங்கிவிடும். அதனால்தான் நல்ல தியேட்டர்களில் கலந்த உடனே சிரிஞ்சில் பெயரும் செறிவும் எழுதி ஒட்டுவார்கள், டாக்டர் வாங்கும்போது வாய்விட்டுப் படித்துச் சொல்வோம், அவரும் திருப்பிச் சொல்வார்.

சரி, ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள்? ஈரானில் இரண்டு முறைக்கும் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு 2017-ல் வெளியானது. அழுத்தம் குறைந்தது இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி, பிளெப் மட்டும் ஊசி போட்டவர்களுக்குக் கொஞ்சம் பரந்து தணிவாக அமைந்தது. நம் திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனையிலேயே இதே கேள்விக்கு ஓர் ஆய்வு நடந்து, இந்திய கண் மருத்துவ இதழில் 2020-ல் வெளிவந்தது, அங்கேயும் ஊசி பஞ்சுக்குச் சமமாகவே நின்றது. வாட்ஸ்அப்பில் எழுதிய அந்த மகானுபாவருக்கு இதெல்லாம் தெரியுமோ என்னவோ, நம் பக்கத்து ஊர் நோயாளிகளை வைத்தே இதற்குப் பதில் கிடைத்திருக்கிறது என்பதாவது நம் பத்திரிகை வாசகர்களுக்குத் தெரிய வேண்டும். அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012-ல் இந்த மருந்தை க்ளாக்கோமா ஆபரேஷனுக்கு அனுமதித்ததும் பஞ்சில் நனைத்து வைக்கும் முறைக்குத்தான். ஆகவே உங்கள் டாக்டர் பஞ்சு வைப்பவர் என்றால் அவர் காலத்துக்குப் பின்தங்கியவர் அல்ல, ஊசி போடுபவர் என்றால் சோதனை செய்து பார்க்கிறார் என்றும் அர்த்தமில்லை. கை பழகிய முறையில் செய்யட்டும். இந்த ஒன்றுக்காக ஆஸ்பத்திரி மாறி, தேதி தள்ளிப் போட்டு, அந்த இடைவெளியில் நரம்பை இழப்பதுதான் நஷ்டம்.

ஆனால் ஐயா, எந்த முறையில் வைத்தாலும் அது அந்த ஆளோடு ஆயுள் முழுக்க இருக்கப் போகிறது. இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். மைட்டோமைசின் பட்ட தோல் மெலிந்தே இருக்கும். ஐந்து வருஷம், பத்து வருஷம் கழித்தும் பிளெப்பில் சின்னக் கசிவு வரலாம், அழுத்தம் அளவுக்கு மீறிக் குறைந்து விழித்திரை சுருங்கிப் பார்வை மங்கலாம், எல்லாவற்றையும் விட மோசமாக, அந்த மெல்லிய தோல் வழியாகக் கிருமி உள்ளே இறங்கலாம். மைட்டோமைசின் வைத்து ஆபரேஷன் செய்த கண்களை ஜப்பானில் பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து ஐந்து ஆண்டுகள் கவனித்தபோது, நூற்றுக்கு இரண்டு பேருக்குச் சற்றுக் கூடுதலாகவே இப்படிக் கிருமி தாக்கியிருந்தது. கேட்பதற்குக் குறைவாகத் தோன்றும். தாக்கியவருக்கு அந்தக் கண்ணே போகலாம்.

நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு பெரியவர் வந்தார். வேறு ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பல வருஷத்துக்கு முன் ஆபரேஷன் செய்துகொண்டவர். கண் சிவந்து பீளை தள்ளியிருக்கிறது, வீட்டில் மெட்ராஸ் ஐ என்று நினைத்து மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து வாங்கி விட்டிருக்கிறார்கள். அடங்கவில்லை என்று பக்கத்தில் ஒரு டாக்டரிடம் போயிருக்கிறார்கள், அவரும் அட்டையைக் கேட்டு வாங்கித்தான் பார்த்திருக்கிறார். பிளாஸ்டிக் கவருக்குள் மடித்து வைத்திருந்த அந்த அட்டையை எங்களிடமும் நீட்டினார் பெரியவரின் மகள். இடது கண் ஆபரேஷன் செய்யப்பட்டது, தேதி, சொட்டு மருந்து நான்கு வேளை, ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். என்ன ஆபரேஷன் என்றே இல்லை. பார்த்த டாக்டர் பாவம், கண்புரை ஆபரேஷன் என்றுதான் எடுத்துக்கொண்டிருக்கிறார், வயதானவருக்கு வேறு என்ன இருக்கும் என்று. எங்கள் டாக்டர் மேல் இமையைத் தூக்கியதும் பிளெப் முழுக்கச் சீழ் பிடித்து வெள்ளையாக நின்றது. உள்ளே இறங்கிவிட்டிருந்தது. கண்ணுக்குள் மருந்து போட்டு, தியேட்டருக்கு எடுத்து, எல்லாம் செய்தோம். பார்வை மிஞ்சவில்லை. அந்த மகள் அழவில்லை, அட்டையைத் திரும்ப மடித்துக் கவருக்குள் வைத்துக்கொண்டே, இதுல எழுதியிருந்தா அந்த டாக்டரே அன்னிக்கே அனுப்பியிருப்பாரே சிஸ்டர் என்றார்.

கண்புரை ஆபரேஷன் செய்துகொண்ட யாருடைய அட்டையையாவது வாங்கிப் பாருங்கள். லென்ஸ் டப்பாவில் வரும் சின்ன ஸ்டிக்கர் அதில் ஒட்டியிருக்கும், லென்ஸின் பெயர், பவர், வரிசை எண் எல்லாம் இருக்கும். இலவச முகாமில் ஒரே நாளில் எத்தனை பேருக்குச் செய்தாலும் அந்த ஸ்டிக்கரை ஒட்டாமல் அனுப்ப மாட்டார்கள். கண்ணுக்குள் போன பொருள் இன்னது என்று நோயாளி கையில் இருக்க வேண்டும் என்று நாம் ஏற்கெனவே ஒத்துக்கொண்டுவிட்டோம் என்றுதானே இதற்கு அர்த்தம். லென்ஸுக்குச் செய்வதை மைட்டோமைசினுக்கு ஏன் செய்யவில்லை? லென்ஸாவது உள்ளே சும்மா இருக்கும். இந்த மருந்து வைத்த இடத்தைத்தான் ஆயுளுக்கும் கண்காணிக்க வேண்டியிருக்கிறது.

டாக்டர்களிடம் பேசினால் சொல்கிற காரணம் எனக்குத் தெரியும். எல்லாம் கேஸ் ஷீட்டில் இருக்கிறது சிஸ்டர் என்பார்கள். உண்மைதான், ஆபரேஷன் குறிப்பில் செறிவு, நேரம், எத்தனை துண்டு என்பது வரை எழுதுகிற டாக்டர்கள் நிறையப் பேர். ஆனால் கேஸ் ஷீட் ஆஸ்பத்திரி அலமாரியில் இருக்கும், கண் நோயாளியோடு ஊருக்குப் போய்விடும். மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு நெறிமுறை விதிப்படி, ஒரு டாக்டர் உள்நோயாளி ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் பாதுகாத்தால் போதும். மூன்று ஆண்டு கழித்து அதை அழித்துவிட்டோம் என்றால் விதிப்படி கேட்க முடியாது. பிளெப்போ பத்தாவது வருஷத்திலும் சீழ் பிடிக்கும். இந்த இடைவெளியை யார் நிரப்புவது? நோயாளி கையில் இருக்கும் அட்டை மட்டும்தான் நிரப்ப முடியும்.

கேன்சர் மருந்து என்று எழுதினால் பயந்துவிடுவார்கள் என்று இன்னொரு காரணம் சொல்வார்கள். கேன்சர் மருந்து என்று எழுத வேண்டியதில்லையே, மைட்டோமைசின் என்று எழுதினால் போதும். பயம் வருவது சொல்லாததால், சொன்னதால் அல்ல. பக்கத்துப் படுக்கைக்காரர் சொல்லியோ, கூகுளில் தேடியோ தெரிந்துகொள்ளும்போதுதான், எனக்கு ஏன் சொல்லவில்லை என்று நம்பிக்கை போகிறது. தழும்பு கட்டாமல் இருக்க ஒரு மருந்து வைக்கப் போகிறோம், வைக்காவிட்டால் துளை அடைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம், வைத்தால் பின்னாளில் கண் சிவந்தால் உடனே வர வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னால் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன், புரிந்துகொண்டு தலையாட்டிவிட்டு, அதே மருந்தை வைங்க தாயி என்றுதான் சொல்வார்கள். மூன்றாவதாக நேரமில்லை என்பார்கள். ஒரு ரப்பர் ஸ்டாம்பு அடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

அட்டையில் வேண்டியது அதிகமில்லை. எந்தக் கண், டிராபெகுலெக்டமி என்ற பெயர், மைட்டோமைசின் வைத்தார்களா இல்லையா, என்ன செறிவு, ஊசியா பஞ்சா, பஞ்சு என்றால் எத்தனை நிமிடம். ஆபரேஷனுக்குப் பிறகு அடைப்பை ஊசியால் விடுவித்து ஃபைவ் எஃப்யூ போட்டிருந்தால் அதுவும். இரண்டாவது முறை ஆபரேஷன் தேவைப்பட்டு வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால், அங்கே மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா, தோல் தாங்குமா, மதுரை அரோலேப் நிறுவனம் குறைந்த விலையில் தயாரிக்கும் வடிகால் குழாய் போன்ற ஒன்றை வைத்துவிடலாமா என்று முடிவெடுக்க அந்த டாக்டருக்கு இந்த விவரம்தான் கைகொடுக்கும். அதற்குக் கீழே தமிழில், பெரிய எழுத்தில், கண் சிவந்தால், வெளிச்சம் பார்க்கக் கூசினால், பார்வை மங்கினால், வலித்தால் அன்றைக்கே கண் டாக்டரிடம் வர வேண்டும், மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து வாங்கக் கூடாது என்று இரண்டு வரி. அரசு கண் மருத்துவமனைகளில் இதை ஒரு சுற்றறிக்கையிலேயே நடைமுறைக்குக் கொண்டு வந்துவிடலாம். அரசு ஆஸ்பத்திரியில் வந்துவிட்டால் தனியாரும் வந்துவிடுவார்கள், இது என் அனுபவம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மார்ச் மாதமும் உலக க்ளாக்கோமா வாரம் வரும்போது, நாற்பது வயதுக்கு மேல் கண் அழுத்தம் பாருங்கள் என்று நம் பத்திரிகைகள் எல்லாம் எழுதுகின்றன, நல்ல விஷயம். ஆபரேஷன் முடிந்தவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அடுத்த முறை அந்த நான்கு அறிகுறிகளைக் கட்டம் கட்டிப் போடுங்கள். புதிய கருவி, நவீன ஊசி என்று செய்தி வரும்போது, அதைப் பழைய முறையோடு ஒப்பிட்ட ஆய்வு இருக்கிறதா, அதில் என்ன தெரிந்தது என்று ஒரு வரி உங்கள் நிருபர் கேட்டு எழுதட்டும். ஆஸ்பத்திரி கொடுக்கும் குறிப்பை அப்படியே போட்டால் அது விளம்பரம்தானே.

ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இதைப் படித்தால், இன்றைக்கே உங்கள் அட்டையை எடுத்துப் பாருங்கள். மேலே சொன்ன விவரம் அதில் இல்லையென்றால், செய்த ஆஸ்பத்திரிக்கு ஆபரேஷன் குறிப்பின் நகல் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். அதே 2002 விதிகளின்படி, நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். மூன்று வருஷம் தாண்டியிருந்தாலும் கேட்டுப் பாருங்கள், பெரிய ஆஸ்பத்திரிகள் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருப்பார்கள். கிடைத்ததை ஒரு போட்டோ எடுத்து மகன் அல்லது மகளின் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணைத் தேய்க்காதீர்கள், அழுக்குத் தண்ணீரில் முகம் முக்காதீர்கள், அழுத்தம் நார்மல் என்று சொன்னாலும் டாக்டர் சொன்ன தேதிக்குப் போய்க் காட்டுங்கள்.

ஆபரேஷனுக்குப் போகாமல் இருந்துவிட்ட அந்த அம்மாவின் உறவுக்காரர் நம் பத்திரிகை வாசகர்தான். இந்தக் கடிதம் வெளியானால் அவர் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கண் மருத்துவமனைச் செவிலியர்,
விருதுநகர் மாவட்டம்